குழாய்க்குள் களி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பள்ளத்திலிருந்து வந்தது. பெரிய பள்ளமெல்லாம் இல்லை, ஒரு விரல் நுனி பதிந்த அளவுதான்.

நான் குளிர்சாதனம் பழுது பார்ப்பவன். கதையும் எழுதுவேன், ஆனால் வீட்டில் அடுப்பு எரிவது முதல் தொழிலால்தான். நீலாயில் ஒரு பல்கலைக்கழகத்தின் குளிர் அறையில் கம்ப்ரஸர் படுத்துவிட்டது என்று அவசரமாகக் கூப்பிட்டார்கள். மீனோ இறைச்சியோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் அடுக்கடுக்காகச் சேறு. பிளந்த குழாய்களில் சேற்றை நீளமாகப் படுக்கவைத்து, பிளாஸ்டிக்கால் போர்த்தி, நம்பர் போட்டு வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேறு கெட்டுப்போகாமல் இருக்க இத்தனை கரண்டு செலவா என்று அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

அவள் பெயர் பெர்னதெத். ஆராய்ச்சி மாணவி. கோபப்படாமல் சொன்னாள்: ஏரியின் அடியில் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் வண்டல் படியும். கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. நல்ல மழைக்காலத்துக்கு ஒரு நிறம், காய்ந்த காலத்துக்கு ஒரு நிறம். அந்தந்தக் காலத்து மகரந்தமும் கரித்தூளும் அதற்குள் கெடாமல் கிடக்கும். அதைப் படித்து ஆயிரக்கணக்கான வருஷத்து வானிலையைச் சொல்லிவிடலாம். பிறகு மூலையில் கிடந்த ஒரு பழைய தகரக் குழாயைக் காட்டினாள்.

"இது எமர்ஜென்சி டைம்ல, காட்டுல கம்யூனிஸ்ட் சண்டை நடந்தப்ப எடுத்தது அங்கிள். செண்டாயான் பக்கம் ஒரு எஸ்டேட் ஏரி. இப்ப அந்த ஏரியே இல்ல, மூடி வீடு கட்டிட்டாங்க. மிச்சம் இது மட்டும்தான்லா."

அந்தச் சேறு கருவாடு மாதிரி காய்ந்து சுருங்கியிருந்தது. இத்தனை வருஷமாக ஆளாளுக்குக் கிள்ளிச் சோதித்ததில் எலி கடித்த ரொட்டி போல இருந்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டையிலும் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. தீப்பெட்டி அளவுக்கு ஓர் இடம் மட்டும் முழுசாக இருந்தது. அதன் மேல் ஒரு விரல் பதிந்திருந்தது. நகத்தின் பிறைகூடத் தெரிந்தது. யாருடையது என்று கேட்டேன். தெரியாது என்றாள். கைபட்ட இடம் கெட்ட இடம் என்று அதை மட்டும் யாரும் சோதனைக்கு எடுக்கவில்லையாம்.

கம்ப்ரஸரைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினேன். விரலும் என்னோடு கிளம்பி வந்துவிட்டது.

2

தொடக்கம் ஒன்று:

பனி மூடிய அதிகாலையில், பால்மரங்களுக்கு நடுவே மயிலம்மாள் மெல்ல—

(வேண்டாம். ரப்பர்த் தோட்டத்துக் கதை என்றாலே பனியும் அதிகாலையும் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எழுந்து போகச் சொல்லிவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு:

வாயில் சுங்கானோடு அந்த வெள்ளைக்கார விஞ்ஞானி ஏரியைக் கூர்ந்து—

(இவனையும் அனுப்பிவிட்டேன். என் கதையில் வந்து சும்மா புகைவிட்டுக்கொண்டு நிற்க இவனுக்கு யார் படியளப்பது? அவன் இடத்தில் ஹரோல்டை வைத்தேன். சிரம்பான் டவுன்காரன். மிஷன் பள்ளியில் படித்த தமிழ்க் கிறிஸ்தவன். சிங்கப்பூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் உதவியாளன். அவனுடைய பேராசிரியர் வெள்ளைக்காரர்தான், ஆனால் ரப்பர்க் காட்டில் குண்டு பாயும் என்று பயந்து சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார். அங்கேயே இருக்கட்டும்.)

இப்படி விட்டுப்போன வரிகளை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேனே, சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். சேற்றைப் பற்றி எழுதுகிறவன் அடியில் கிடப்பதைச் சுரண்டி எறியக் கூடாது.

தொடக்கம் மூன்று. இது நிற்கும் போலிருக்கிறது:

மயிலம்மாளின் வாய்க்கு ஒன்பதாங் கட்டைத் தோட்டமே பயந்தது. அவள் புல்வெட்டும் நிரையில், வேலையை மேற்பார்க்கும் தண்டல் தள்ளி நின்றுதான் பேசுவார். ஐம்பத்தாறாம் வருஷம் அது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி அடித்து, ஒரே ஒரு வாசல் விட்டு, வாசலில் போலீஸ் மாத்தாக்களை நிறுத்தியிருந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று வீட்டில் அரிசி வைக்கவே தடை. பொதுக் கொட்டகையில் வெந்த சோற்றை வாங்கி உள்ளேயே தின்றுவிட வேண்டும். வாசலைத் தாண்டி ஒரு பருக்கை போனாலும் குற்றம். சைக்கிள் குழாய்க்குள்கூடக் கம்பி விட்டுப் பார்ப்பார்கள். அகப்பட்டால் சிறை, இல்லாவிட்டால் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு. மயிலம்மாள் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவள் பிறந்தது அந்த லயத்தில்.

அந்த வருஷம்தான் ஹரோல்ட் ஒரு கட்டுத் தகரக் குழாயோடு வந்து இறங்கினான். ஏரியின் அடிச்சேற்றை எடுக்க ஆள் வேண்டும் என்று தோட்டத்துத் துரையிடம் கேட்டான். மயிலம்மாளின் வாயிலிருந்து கொஞ்சநாள் விடுதலை கிடைக்கட்டும் என்று தண்டல் முதல் பெயராக அவள் பெயரைச் சொன்னார். கூடவே அவளுடைய கூட்டாளி தாயம்மாவும் போனாள்.

3

எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து ஒரு தெப்பம். நடுவில் ஓட்டை. ஓட்டை வழியாகக் குழாயை இறக்கி, ஏரியின் அடியில் அழுத்தி, சேற்றோடு மேலே இழுக்க வேண்டும். கேட்க எளிது. தெப்பத்தில் ஒருத்தர் வேகமாக ஓரடி வைத்தால் மற்றவர் தண்ணீரில். முதல் வாரம் ஹரோல்ட் தொப்பியோடு விழுந்தான், தாயம்மா விழுந்தாள், மயிலம்மாள் விழுந்து எழுந்து ஏரியையே திட்டினாள். பிறகு மூவருக்கும் கால் ஒத்துப்போய்விட்டது. ஒருத்தர் அசைந்தால் மற்ற இருவரும் பார்க்காமலே அதே அளவு அசைந்தார்கள். (இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும். இப்படி முன்கூட்டிச் சொல்வது கதைக்கு நல்லதில்லை என்பார்கள். என் கதை, நான் சொல்வேன்.)

வேலைக்குச் சோறு கொண்டுபோக முடியாது. மத்தியானம் மூவருக்கும் வயிறு கத்தும். அந்தப் பசியில்தான் மயிலம்மாள் சேற்றுக்குப் பெயர் வைத்தாள். ஏரியின் மேலாக வரும் நீர்த்த சேறு கூழ். இலையும் வேரும் மக்கி உதிர்ந்து வருவது புட்டு. அடியில் ஒட்டிக்கொண்டு வழவழவென்று வருவது களி. களிமண்ணும் களிதானே, தப்பில்லை. ஹரோல்ட் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் பெயர்கள் யார் வாயிலும் நிற்கவில்லை. கடைசியில் அவனும், "இன்றைக்குப் புட்டு எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்க ஆரம்பித்தான்.

(ஓரக்குறிப்பு: ஹரோல்டின் தமிழ் வேதாகமத்தில் ஊறிய தமிழ். சாதாரண நாளிலும் ஞாயிற்றுக்கிழமை மாதிரிதான் பேசுவான். தாயம்மா அவனைப் போலவே பேசிக்காட்டுவாள்.)

குழாய் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது, மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று, வெளியே கம்பியால் கட்டியிருக்கும். ஒருநாள் மேல் பாதியைத் திறந்து ஹரோல்ட் கத்தியால் மேலாகச் சுரண்டியபோது கறுப்புச் சேற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மயிலம்மாள் என்னவென்று கேட்டாள். ஒரு காலத்தில் இங்கே மழை பொய்த்துப்போனது, வருஷக்கணக்கில் இல்லை, தலைமுறைக்கணக்கில், ஏரி வற்றிக் காடு எரிந்து சாம்பல் படிந்தது என்று அவன் விளக்கினான். அவளுக்கு அதைவிட அடுத்தது முக்கியமாக இருந்தது.

"அப்புறம்? மழை திரும்ப வந்துச்சா ஐயா?"

"வந்தது. மேலே இந்தக் கறுப்பைப் பாருங்கள் அக்கா. மழை திரும்பவும் வந்தது."

"நிச்சயமா?"

"சேறு பொய் சொல்லாது."

அன்றைக்கு வாசலில் சோதனைக்காரி அவளுடைய கொண்டையை அவிழ்த்துப் பருக்கை தேடியபோது மயிலம்மாள் ஒன்றும் திட்டவில்லை. தாயம்மா பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எவ்வளவு காய்ந்தாலும் திரும்ப வரும் என்பதற்குச் சாட்சி ஒன்று அந்தக் குழாய்க்குள் இருந்தது. அதை மேலே இழுத்தது அவள் கை. அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

(இந்த இடத்தில், "முள்கம்பியும் ஒருநாள் போகும் என்று அவள் மனம்—" என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். உங்களுக்கு அது தெரியாதா என்ன?)

4

குழாய்கள் சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலில் சிங்கப்பூர் போக வேண்டும். லோரி குலுங்கினால் சேறு கலங்கும், கையால் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று அடம்பிடித்து மயிலம்மாள் பர்மிட் வாங்கினாள். லோரியில் ஏறும்போது தலைநிறையப் பூ வைத்திருந்தாள்.

வாசலில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. முந்தின நாள்தான் ஆள் மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்த இளம் வெள்ளைக்கார லெப்டினன்ட், அவனுக்கு மொழிபெயர்க்கச் சிரம்பானிலிருந்து நல்லசாமி என்ற போலீஸ்காரர். நல்லசாமி லோரியில் ஏறிக் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல என்னா?"

"களி," என்றாள் மயிலம்மாள்.

"அதுல?"

"அதுல கூழு. கடைசியில இருக்கறது புட்டுங்க. தொட்டா உதிந்துரும், பாத்து."

நல்லசாமி குழாயிலிருந்து கையை எடுத்தார். சோறு கடத்துகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். அழுவார்கள், மறுப்பார்கள், காலில் விழுவார்கள். இப்படிப் பூ வைத்துக்கொண்டு மெனு சொன்னவளை அவர் பார்த்ததில்லை. திரும்பி லெப்டினன்டிடம் சொன்னார்:

"மக்கான், துவான். எல்லாம் மக்கான்."

துவான் என்றால் துரை, மக்கான் என்றால் சாப்பாடு. அந்த மலாய்ச் சொல் தெரியாதவர் யாரும் அந்த வாசலில் இல்லை. அது காதில் விழுந்த பிறகுதான் தான் என்ன சொல்லிவைத்தோம் என்று மயிலம்மாளுக்கு உறைத்தது. இத்தனை நாள் பசியில் வைத்த பெயர்கள் இப்போது அவள் கழுத்தில் வந்து விழுந்தன.

லோரியைச் சுற்றித் துப்பாக்கிகள் நின்றன. முன் சீட்டிலிருந்து ஹரோல்ட் குதித்து ஓடிவந்து, இது மண், ஆராய்ச்சி மண் என்று இங்கிலீஷில் படபடத்தான். லெப்டினன்ட் கேட்கவில்லை. அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள், வெளியே மண்ணைப் பூசி உள்ளே சாப்பாடு வைத்திருப்பார்கள், எல்லாக் குழாயிலும் இரும்புக் கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள் என்று உத்தரவு போட்டான்.

நல்லசாமி கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி அவளிடம் சொன்னார்:

"குத்த விட்டுரும்மா. மண்ணா இருந்தா நீ வீட்டுக்குப் போ. தடுத்தீன்னா ஜீப்புல ஏத்திருவாங்க, அப்புறம் கப்பல்தான்."

5

இங்கே எனக்குக் கதை மாட்டிக்கொண்டது. ஒரு வாரம் எழுதவில்லை. மலாக்காவில் ஒரு ஹோட்டலுக்கு ஏர்கோன் மாட்டப் போய்விட்டேன்.

விட்டுப்போன வழி ஒன்று: ஹரோல்ட் இங்கிலீஷில் ஓர் உருக்கமான சொற்பொழிவு ஆற்றுகிறான். லெப்டினன்டின் கண் கலங்குகிறது. (சொற்பொழிவைக் கேட்டு எந்த வாசல் திறந்திருக்கிறது? எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

விட்டுப்போன வழி இரண்டு: காட்டிலிருந்து திடீரென்று துப்பாக்கிச் சத்தம், எல்லோரும் அந்தப் பக்கம் ஓட, லோரி— (இது ஏமாற்று வேலை. மயிலம்மாள் மாட்டிக்கொண்டது அவள் வாயால். வெளியே வருவதும் அவளால்தான் ஆக வேண்டும்.)

ஆகவே:

இரும்புக் கம்பியோடு லோரியில் ஏறிய மாத்தாவின் முன்னால் மயிலம்மாள் கையை விரித்து நின்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. லயத்தில் புருஷன் இருந்தான், இரண்டு பிள்ளைகள் இருந்தன, எல்லோரையும் கூட்டிக்கொண்டு தெரியாத நாட்டுக்குப் போக வேண்டி வரலாம். ஆனால் கம்பி உள்ளே போனால் கறுப்பும் சாம்பலும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

"குத்தினா அடியில உள்ளது மேல வந்துரும்," என்றாள். "அப்புறம் மழை திரும்பி வந்துச்சின்னு யாரு சொல்லுவா? குத்த வேணாம். தலையிலேருந்து கால் வரைக்கும் ரெண்டா அறுத்துக் காட்டுறோம். உள்ள ஒரு பருக்கை இருந்தா என்னைக் கப்பலேத்துங்க."

நல்லசாமி இதை மொழிபெயர்த்தார். இம்முறை ஒரு சொல்லும் தவறவில்லை. லெப்டினன்ட் கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையாட்டினான்.

ஹரோல்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. சிங்கப்பூரில் மேஜைமேல் வைத்து, பார் சவுக்காரத்தைக் கடைக்காரர் நூலால் அறுப்பதுபோல இதை அறுப்பார்கள் என்று அவன்தான் அவளுக்குச் சொல்லியிருந்தான். ஆனால் இது தார் ரோடு, வெயில், சுற்றிலும் பூட்ஸ் கால்கள். குழாயின் இரண்டு விளிம்பிலும் மெல்லிய கம்பி ஒன்று படிய, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒரே வேகத்தில் போக வேண்டும். ஒருத்தர் கை முந்தினாலும் எல்லாம் பாழ். வேண்டாம் அக்கா என்றான். அவள் காதில் வாங்காமல், வேலியோரத்துப் பால்மரத்தில் பால் பிடிக்கும் மங்கு கட்டியிருந்த கம்பியை அவிழ்த்து வரச்சொன்னாள். வழியனுப்ப வாசல்வரை வந்திருந்த தாயம்மா மங்கைக் கழற்றிவிட்டுக் கம்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பிடிங்க தம்பி," என்றாள் மயிலம்மாள். அதுவரை அவனை ஐயா என்றுதான் கூப்பிட்டிருந்தாள். "தெப்பத்துல நிக்கறோம்னு நெனச்சுக்குங்க."

சாம்பல் பட்டை இருந்த குழாயைத்தான் அவள் முதலில் ரோட்டில் இறக்கி வைத்தாள். குழாயின் கட்டுக்கம்பியை அவிழ்த்தார்கள். மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவே கம்பியை நுழைத்தார்கள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று நடக்கத் தொடங்கினார்கள். அவள் பார்வை சேற்றின்மேல், அவன் பார்வையும் சேற்றின்மேல், கால்கள் மட்டும் ஏரித் தெப்பத்தில் பழகிய கணக்கில் தானாகப் போயின. வேலிக்குள்ளே பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கம்பி மறுமுனையில் வெளியே வந்தது. ஹரோல்ட் மேல் பாதியைத் திருப்பி வைத்தான்.

உள்ளே ஒரு கலக்கமும் இல்லை. மேலே காப்பித்தூள் நிறம், பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு, நடுவே தெளிவாக வெட்டி வைத்ததுபோலச் சாம்பல் பட்டை, அதற்கும் கீழே திரும்பவும் கறுப்பு. அத்தனை காலமும் வெயிலில் பளபளத்தது. துப்பாக்கிக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். ஹரோல்ட் அழுதுகொண்டே சிரித்தான்.

அப்போது நல்லசாமியின் கண் சாம்பல் பட்டையில் நின்றது. வெளிறி, மிருதுவாக, சலித்த அரிசிமாவு மாதிரியே இருந்தது. அவர் தயங்கித் தயங்கி, "இது மாவு மாதிரி இருக்கே" என்றார். லெப்டினன்ட் சோதிக்கச் சொன்னான்.

6

ஒரு விரல் நீண்டது.

(அ) அது லெப்டினன்டின் விரல். அழுத்தினான், முகர்ந்தான், ஏரி நாற்றத்தில் முகத்தைச் சுளித்தான், பிறகு பொடியன் மாதிரி சிரித்துவிட்டான். எழுதும்போது எனக்கு இவனைக் கொஞ்சம் பிடித்துப்போனது. ஆனால் பெர்னதெத் அந்தப் பள்ளத்தைப் பார்த்து, இவ்வளவு சின்ன விரல் வெள்ளைக்காரனுக்கு ஏது என்கிறாள்.

(ஆ) அது நல்லசாமியின் விரல். தான் சொன்ன தவறான சொல்லைத் தானே திருத்த வேண்டும் என்று தொட்டு நாக்கில் வைத்தார். பல்லில் மணல் கடித்தது. அதுபோல நிம்மதியான கசப்பை அவர் தின்றதில்லை.

(இ) அது மயிலம்மாளின் விரல். எல்லோருக்கும் முன்னால் அவள் முந்திக்கொண்டாள். மற்றவன் விரல் இதில் படுவதற்கு முன்னால் என் விரல் படட்டும் என்று அழுத்தி, எடுத்து, நாக்கை நீட்டி அதன்மேல் வைத்து, எல்லோருக்கும் காட்டினாள்.

மூன்றில் எது என்றாலும் அடுத்தது ஒன்றுதான். நல்லசாமி நிமிர்ந்து நின்று, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"தானா, துவான். தானா."

தானா என்றால் மலாயில் மண். வாசல் திறந்தது. இரண்டு பாதிகளையும் கட்டி லோரியில் ஏற்றினார்கள். மற்றக் குழாய்களில் யாரும் கைவைக்கவில்லை. மயிலம்மாள் பின்னால் நின்றுகொண்டு குழாய்களைப் பிடித்தபடி, வேலிக்குள் நின்ற சனத்தைப் பார்த்து, "களி போவுதுடி, களி போவுது" என்று தாயம்மாவிடம் கத்தினாள். உள்ளே கைதட்டலும் விசிலும் வளைவு திரும்பும்வரை கேட்டது. புதிய லெப்டினன்டின் காவலில், எல்லோருக்கும் தெரிய, குழாய் குழாயாகக் களியும் கூழும் புட்டும் ஒன்பதாங் கட்டைத் தோட்டத்து வாசலைத் தாண்டிப் போயின.

7

இத்தனையும் நான் ஒரு பள்ளத்தை வைத்து இட்டுக்கட்டியது. வாசலும் நல்லசாமியும் தலைப்பூவும் என் வேலை. இனி வருவது பெர்னதெத்தின் வேலை.

போன வாரம் போன் செய்தாள். அந்தச் சாம்பல் பட்டையை இன்றைய முறையில் காலம் கணிக்க ஆசைப்பட்டிருக்கிறாள். ஆனால் பட்டையில் மிச்சம் ஒன்றும் இல்லை, சுத்தமான இடங்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். கைபட்டுக் கெட்டது என்று ஒதுக்கிவைத்த அந்தத் தீப்பெட்டி அளவு மட்டும்தான் இருந்தது. விரல் அழுத்தியது மேலாக மட்டும், அடியில் ஒன்றும் கலையவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பக்கவாட்டில் நுழைந்து, பள்ளத்தைத் தொடாமல், அதன் கீழிருந்து எடுத்து அனுப்பினாள்.

"கெடச்சிருச்சு அங்கிள். காஞ்ச காலம் எப்ப தொடங்குச்சு, மழை எப்ப திரும்புச்சு, ரெண்டுமே கெடச்சிருச்சு. அந்த விரல் மட்டும் இல்லன்னா இதையும் யாராச்சும் தோண்டி எடுத்திருப்பாங்க."

நான் ஹைவேயில் வேனை ஓரங்கட்டிவிட்டுக் கத்தினேன். பக்கத்தில் போன லோரிக்காரர் என்னவோ ஏதோ என்று ஹாரன் அடித்தார்.

நேற்று கம்ப்ரஸரில் கேஸ் அளவு பார்க்கும் சாக்கில் குளிர் அறைக்குப் போனேன். என் சுட்டுவிரலைப் பள்ளத்துக்கு மேலே, படாமல், பிடித்துப் பார்த்தேன். என் விரல் பெரிது, நுழையாது. நல்லசாமிக்கும் என் அளவு கைதான் இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. ஆனாலும் (அ)வையும் (ஆ)வையும் நான் கிழிக்கவில்லை. முடிவை எழுதும் உரிமை அந்தச் சேற்றை இழுத்தவர்களுக்கு உண்டு, இல்லையென்றால் படிப்பவர்களுக்கு உண்டு, கம்ப்ரஸர்காரனுக்கு இல்லை.

உங்கள் விரலைப் பாருங்கள். யாருடைய விரல் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என் ஓட்டு யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும், அதற்காக நீங்களும் அங்கேயே போட வேண்டியதில்லை. நன்றாக யோசித்துப் போடுங்கள். கம்ப்ரஸர் ஓடுகிறது, சேறு பத்திரமாக இருக்கிறது, எமர்ஜென்சி எப்போதோ முடிந்துவிட்டது. அவசரமில்லை.